எங்கள் ஜெபக்குழுவின் தீர்க்கதரிசன நோட்டு

"கர்த்தர் சொல்லுகிறார்" என்று யாராவது ஆரம்பித்தால் எங்கள் ஜெபக்குழுவில் எல்லாரும் கண்ணை மூடுவார்கள். நான் பேனாவைத் திறப்பேன்.

குன்னூரில் வெலிங்டன் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுகிற குழு இது. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, சகோதரர் சபை என்று எல்லாத் தரப்பும் உண்டு. மலையில் மழையும் பனியும் சேர்ந்துகொண்டால் அவரவர் சபைக்குப் போய்வருவது பெரும்பாடு. பக்கத்தில் எங்கே கூடுகிறார்களோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். சார்ட்டில் எழுதாத ஊசி போடாத ஊசிதான் என்று வார்டில் படித்துப் படித்துச் சொல்லுவார்கள். அந்தப் புத்தி இங்கேயும் தொடர்கிறது. தீர்க்கதரிசனம் என்று, அதாவது தேவன் தந்த வார்த்தை என்று, யார் எதைச் சொன்னாலும் நோட்டில் ஏறும்: தேதி, நேரம், சொன்னவர் பெயர், சொன்ன வார்த்தை அப்படியே. "அர்த்தம்" என்று நான் எதையும் சேர்ப்பதில்லை.

நோட்டு போட்டதற்குக் காரணம் 2009 நவம்பர். அந்த மாதம் 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. மண் சரிந்து வீடுகள் புதைந்து, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். மேட்டுப்பாளையம் ரோடும் ரயில் பாதையும் அங்கங்கே அறுந்து கிடந்தன. வழி திறந்து குழு மறுபடி கூடியபோது ஒருவர் பின் ஒருவராக எழுந்து, "இதை ஆண்டவர் எனக்கு முன்னமே காட்டினார்" என்று சாட்சி சொன்னார்கள். ஒருவருக்குச் சொப்பனத்தில் சிவப்புத் தண்ணீர். இன்னொருவருக்குக் கதவில்லாத வீடு.

என் மாமனார் கடைசி நாற்காலியிலிருந்து கேட்டார்: "காட்டினார் சரி. யாருக்குச் சொன்னீங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"எனக்குச் சொல்லியிருந்தா, சரிவுல இருந்தவங்கள்ல நாலு பேரையாவது இந்த முன்னறையில படுக்க வச்சிருப்பேனே."

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து நோட்டு.

அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரத்தில் அகபு என்ற தீர்க்கதரிசி அந்தியோகியாவுக்கு வருகிறார். உலகமெங்கும் கொடிய பஞ்சம் வரும் என்று ஆவியினாலே அறிவிக்கிறார். ரோமாபுரியை ஆண்ட கிலவுதியு ராயன் காலத்தில் அப்படியே உண்டாயிற்று என்று லூக்கா எழுதுகிறார். நாம் அந்த வசனத்தோடு நின்றுவிடுகிறோம். அதற்கு அடுத்த இரண்டு வசனங்களில் சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து, யூதேயாவிலிருந்த சகோதரருக்குப் பர்னபா, சவுல் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். முன்னறிவிப்பு வந்தது, வசூல் நடந்தது, யூதேயாவில் உலை கொதித்தது. எங்கள் குழுவில் இப்போது யாராவது "மலை இறங்குறதைப் பார்த்தேன்" என்றால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்தச் சரிவு? அங்கே யாரைப் போய்ப் பார்க்கணும்?" என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. ஐப்பசி கார்த்திகையில் நீலகிரியில் எங்கேயாவது மண் இறங்கும் என்று சொல்ல ஆவியானவர் வேண்டியதில்லை, பி.டபிள்யூ.டி. மேஸ்திரி போதும்.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சகோதரர் சபையில் பிறந்து வளர்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். தீர்க்கதரிசன வரம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது என்பது அவர் கட்சி. நான் பிறந்த வீடு கேத்தி. பாசல் மிஷன் வழியாகக் கிறிஸ்துவுக்குள் வந்து, பிறகு சி.எஸ்.ஐ. ஆன குடும்பம். எங்களுக்கு இந்த விஷயத்தில் உறுதியான கட்சி ஏதும் கிடையாது. ஆயர் சொன்னால் சரி. கல்யாணமாகி வந்த பிறகுதான் இதற்காகச் சோறு ஆறும் வரை சண்டை போடுகிறவர்களைப் பார்த்தேன்.

மாமாவின் வாதம் லேசானதல்ல. சபை அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள் என்பவர்களின் அஸ்திபாரத்தின் மேல் கட்டப்பட்டது என்று எபேசியர் 2:20 சொல்கிறது. அஸ்திபாரம் ஒரு தரம்தான் போடுவார்கள், மாடிக்கு மாடி போடமாட்டார்கள் என்பார். எபிரெயர் முதல் அதிகாரம்: முற்காலத்தில் தீர்க்கதரிசிகளைக்கொண்டு பேசின தேவன் இந்தக் கடைசி நாட்களில் குமாரனைக்கொண்டு பேசிவிட்டார். பிறகு 1 கொரிந்தியர் 13: "நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம்." வேதாகமம் முழுமையாகக் கைக்கு வந்துவிட்டது, இனிக் குறைவானது எதற்கு?

எதிர்க்கட்சிக்கும் வசனம் இருக்கிறது. அதே 13-ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளி, "அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்" என்று வருகிறது. நாம் இன்னும் முகமுகமாய்ப் பார்க்கவில்லையே, அப்படியானால் நிறைவானது இன்னும் வரவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேல் தீர்க்கதரிசியின் வார்த்தையை எடுத்துச் சொல்லி, உங்கள் குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்லுவார்கள் என்றபோது அதற்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. இதற்கு நடுவில் மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. வேதத்தை எழுதினவர்களின் தீர்க்கதரிசனம் வேறு, சபையில் சாதாரண விசுவாசி சொல்வது வேறு, பின்னதில் பிசகு இருக்கலாம் என்பார்கள். அதற்கு ஆதாரமாக மறுபடியும் அகபுவைத்தான் இழுப்பார்கள். எருசலேமில் யூதர் பவுலைக் கட்டிப் புறஜாதியார் கையில் ஒப்புக்கொடுப்பார்கள் என்று அவர் அதே நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தில் சொன்னார். நடந்ததோ, யூதர் அடித்துக் கொல்லப் பார்த்தார்கள், கட்டினது ரோமச் சேனாபதி. "பார்த்தீர்களா, மொத்தத்தில் சரி, விவரத்தில் பிசகு" என்று எங்கள் குழுத் தம்பி ஒருவன் சொன்னதுதான் தாமதம், மாமா கண்ணாடியைக்கூடத் தேடாமல், "28:17 எடு" என்றார். அங்கே பவுலே, தான் எருசலேமிலிருந்து ரோமர் கையில் கட்டுண்டவனாக ஒப்புக்கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார். தம்பி இன்றுவரை அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறான்.

நோட்டை இத்தனை காலம் எழுதிய பிறகு என் கருத்து இது. வரம் ஓய்ந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பெயரில் மைக்கில் வருகிறதில் பெரும்பகுதி அது இல்லை. ஓய்ந்துபோனது வேறொன்று. "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று பவுல் எழுதினாரே, அதில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். நிதானிப்பது என்றால் சொன்னதை ஆராய்ந்து பார்ப்பது. வரம் உண்டு என்கிறவர்கள் நிதானிப்பதில்லை. இல்லை என்கிறவர்கள் நிதானிக்கத் தேவையில்லை என்று எழுந்து போய்விடுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது மாத்திரை சாப்பிடுகிற ஆளும், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணும்.

எழுதிவைத்துப் பார்த்ததில் எனக்கே ஆச்சரியமான விஷயம் ஒன்று. பொய்த்தவை குறைவு. பலித்தவையும் குறைவு. பக்கம் பக்கமாக நிறைந்து கிடப்பது இரண்டிலும் சேராதவை. "உன் எல்லையை விஸ்தாரமாக்குவேன்", "கதவைத் திறப்பேன்", "சத்துரு வெட்கப்படுவான்." இவற்றைச் சரி என்றும் தவறு என்றும் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். இவை கேட்க இதமானவை, தீமை இல்லை. ஆனால் இதைச் சொல்ல "கர்த்தர் சொல்லுகிறார்" என்ற முன்னுரை எதற்கு? "ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்றால் போதாதா?

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்து வைத்திருப்பதில் ஆளுக்கொன்றாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டையும் இந்த வகைதான். எரேமியா 29:11 யாருக்காவது வந்தே தீரும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் கிடக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

ஏன் இதற்கு இவ்வளவு ஏங்குகிறோம்? எனக்குத் தோன்றுவது, ஞானஸ்நானம் எடுத்து மூன்று தலைமுறை ஆனாலும் குறி கேட்கிற ஆசை நம்மைவிட்டுப் போகவில்லை. பூசாரியிடமும் குறிகாரியிடமும் தாத்தா பாட்டி கேட்ட அதே கேள்விகளைத்தான் வெளியூர் ஊழியக்காரரிடம் கேட்கிறோம். பெண்ணுக்கு எப்போது வரன் வரும், பையனுக்கு விசா கிடைக்குமா, தேயிலைத் தோட்டத்தை விற்கலாமா. பவுல் சொன்ன தீர்க்கதரிசனம் பக்திவிருத்திக்கும் புத்திக்கும் ஆறுதலுக்கும் உரியது. விசா அந்தப் பட்டியலில் இல்லை.

நான் நேரில் பார்த்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன்.

ஒரு பையன், இருபது சொச்சம் வயது, காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். ஆனால் முதல் சில வாரங்களிலேயே இருமல் அடங்கும், பசி எடுக்கும், முகத்தில் தெளிவு வந்துவிடும். ஆபத்தான கட்டம் அதுதான். கிருமி உள்ளே இருக்கும், ஆளுக்குச் சுகமானதுபோல இருக்கும். சரியாக அந்தச் சமயத்தில் ஒரு கூட்டத்தில் அவன் தலையில் கைவைத்து, "நீ சுகமானாய், மாத்திரையைத் தூக்கி எறி" என்று சொல்லிவிட்டார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். அப்புறம் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அதுவே தொற்றும். அவன் அம்மா என்னிடம் ஓடிவந்தார்.

அந்த ஊழியக்காரர் கள்ளத் தீர்க்கதரிசி என்று நான் ஆரம்பித்திருந்தால் பையன் எழுந்து போயிருப்பான். மாற்கு முதல் அதிகாரத்தைத் திறந்து அவனையே வாசிக்கச் சொன்னேன். இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கினார். சுகமாக்கின கையோடு, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்று அனுப்பினார். அந்தக் காலத்தில் தோலைப் பார்த்து, சுத்தமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஆசாரியன். "ஆண்டவரே பரிசோதனைக்கு அனுப்பியிருக்கார், நீயும் போ. நிறுத்துன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் விழுங்கு" என்றேன். விழுங்கினான். கோர்ஸ் முடித்தான். இந்த வசனத்தை எல்லா நர்ஸும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். அறிவியல் பேசி ஜெயிக்க முடியாத இடத்தில் இது வேலை செய்கிறது.

இன்னொன்று கல்யாணம். ஒரு குடும்பத்தில் பெண்ணுக்கு இன்னாரைத்தான் தேவன் நியமித்திருக்கிறார் என்று வார்த்தை வந்தது. வார்த்தை கொண்டுவந்தவருக்குப் பையன் வீட்டார் வேண்டியவர்கள். பெண்ணை யாரும் கேட்கவில்லை. மாமாதான் போய்ப் பேசினார். வரம் உண்டா இல்லையா என்ற பேச்சையே எடுக்கவில்லை. "ஆண்டவர் அந்தப் பிள்ளைகிட்டயும் பேசுவார்ல? பேசட்டும், காத்திருப்போம்" என்றார். காத்திருந்தார்கள். ஆண்டவர் பேசவில்லை. சம்பந்தம் நின்றுபோனது.

இப்படிப் பட்டுப்பட்டு எங்கள் குழுவில் சில வழக்கங்கள் நிலைத்தன. மருந்து, கல்யாணம், பணம், நிலம் பற்றி யாருக்கும் தனிப்பட்ட கட்டளை கிடையாது. ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு மூலையில் வைத்துச் சொல்வது கிடையாது, சொல்வதை எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைகளுக்கு எதிர்காலம் சொல்வது அறவே இல்லை. இரண்டு மூன்று பேர் பேசின பிறகு நிறுத்திவிட்டு, கேட்டவர்கள் பேசுவோம். வசனத்தோடு ஒத்துப்போகிறதா, பயமுறுத்துகிறதா, யாருக்கு ஆதாயம்? உணர்ச்சி பொங்கும்போது நிதானிப்பது முடியாத காரியம். பெரிய வார்த்தையாக இருந்தால் அடுத்த வாரம் டீ குடித்துக்கொண்டு மறுபடி வாசித்துப் பார்ப்போம். ஆச்சரியம், ஒரு வாரம் கழித்து வாசித்தால் பல வார்த்தைகள் பாதியாகச் சுருங்கிவிடுகின்றன. "ஆவி என்னை விடல, நிறுத்த முடியல" என்பவர்களுக்கு 1 கொரிந்தியர் 14:32 இருக்கிறது: தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது. "கர்த்தர் சொல்லுகிறார்" என்பதற்குப் பதில் "என் மனசுல இப்படி வருது, நீங்க பாருங்க" என்று சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். பாதிப் பேர் அப்போதே உட்கார்ந்துவிடுகிறார்கள். செல்போனில் பதிவுசெய்து அனுப்பவும் கூடாது. முன்னறையில் பத்துப் பேர் நிதானித்துக் கேட்கிற வார்த்தை, வாட்ஸாப்பில் ஏறினால் நிதானிக்க ஆளில்லாமல் ஊர் சுற்றும்.

பணத்தைப் பற்றிய வழக்கத்தை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆதிச்சபையின் ஒழுங்குகளைச் சொல்கிற 'டிடாக்கே' என்ற சின்னக் கையேடு ஒன்று உண்டு. வெகுகாலம் தொலைந்துபோய்க் கிடந்து, அதன் கிரேக்கக் கைப்பிரதி 1873-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் அகப்பட்டது. அதன் 11-ஆம் அதிகாரம், ஆவியில் பேசுகிறேன் என்று ஒருவன் "எனக்குப் பணம் கொடு" என்றால் அவனுக்குச் செவிகொடுக்காதே, இல்லாத பிறருக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதே என்கிறது. ஆவியில் பந்தி போடச் சொல்லிவிட்டு அந்தப் பந்தியில் தானே உட்கார்ந்து சாப்பிடுகிறவனும் கள்ளத் தீர்க்கதரிசிதானாம். இதை வாசித்ததும் மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கியூ.ஆர். கோடு ஒண்ணுதான் அப்ப இல்ல."

தீர்க்கதரிசனம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் சொல்வார்கள். பெந்தெகொஸ்தே இயக்கம் உலகமெங்கும் பரவ வழிவகுத்த லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதல் 1906-இல். அதற்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு முன்பே, 1860-இல், நம் தமிழ் ஊழியக்காரர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் கிறிஸ்தியான்பேட்டையில் நடத்திய சபையில் ஜனங்கள் தீர்க்கதரிசனம் சொன்னதாகவும் அந்நியபாஷை பேசினதாகவும் அவரே எழுதிவைத்திருக்கிறார். வரத்துக்கு நம்மிடம் வேர் இருக்கிறது. விபரீதத்துக்கும் இருக்கிறது. திருவிதாங்கூரில் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப்பும் அவரைச் சேர்ந்தவர்களும், 1875 எழுப்புதலின்போது இன்னும் ஆறு வருஷத்தில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார்கள். 1881 வந்தது. கிறிஸ்து வரவில்லை. 2020 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் ஜெயிப்பார் என்று முன்னறிவித்தவர்களில் ஜெரமையா ஜான்சன் என்பவர் 2021 ஜனவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டதற்கே அவருக்கு வசவு குவிந்தது. கேட்கிறவர்களிடமும் கோளாறு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஏன் வரம் ஓய்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன் என்கிறேன்? எங்கள் குழுவுக்கு வருகிற ஓர் அக்காவினால். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைனில் வளர்ந்து, இடுப்பு ஒடிகிற வரைக்கும் கொழுந்து பறித்தவர். எழுத்துக்கூட்டி மட்டும் வாசிப்பார். மாதக்கணக்கில் வாயே திறக்கமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஊட்டிப் பக்கத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண்மணியைக் கூட்டிவந்தார்கள். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. அக்கா கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னார்: "கெழங்கு அவியிற வாசம் வந்தா யாரோ ஒருத்தங்க அடுப்பங்கரையை விட்டு வெளிய ஓடுறாங்க. அந்தப் புள்ள ஆண்டவர்கிட்ட பத்திரமா இருக்கு. அவ்வளவுதான்." எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பெண்மணி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மகன் இறந்த செய்தி வந்த நேரத்தில் அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்ததாம். கூட்டிவந்த உறவுக்காரருக்கும் அது தெரியாது. கூட்டம் முடிந்ததும் அக்கா என்னிடம் வந்து, "சிஸ்டரம்மா, நான் தப்பா ஏதும் பேசிட்டேனா?" என்று கேட்டார்.

மாமா அன்று ராத்திரி நோட்டைக் கேட்டு வாங்கி வாசித்தார். முன்கூட்டி யாராவது சொல்லியிருக்க முடியுமா என்று இரண்டு தரம் கேட்டார். கட்டளை ஏதும் உண்டா, காசு கேட்டாரா, வேதத்தோடு எதையாவது கூட்டினாரா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"இதுக்குத் தீர்க்கதரிசனம்னு நான் பேர் வைக்கமாட்டேன்மா."

"சரி மாமா."

"ஆனா அந்தப் பிள்ளையை வாராவாரம் வரச் சொல்லு. மழையா இருந்தா ஆட்டோ காசு நான் தரேன்."

என்னோடு வேலை பார்த்த கத்தோலிக்க நர்ஸ் ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். ரோமாபுரியும் ஏறத்தாழ உங்கள் மாமனார் வழிக்குத்தான் வந்திருக்கிறது என்றாள். காட்சிகளையும் வெளிப்பாடுகளையும் ஆராய்வதற்கு வத்திக்கான் 2024 மே மாதம் புதிய விதிமுறை வெளியிட்டது. அதன்படி ஒரு பிஷப் பொதுவாக, இது தேவனிடமிருந்து வந்ததுதான் என்று முத்திரை குத்துவதில்லை. ஆராய்ந்து பார்த்து, ஜனங்கள் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். மாமாவிடம் இதைச் சொன்னால் ரோமாபுரியோடு தன்னைச் சேர்த்ததற்குக் கோபித்துக்கொள்வார் என்று இதுவரை சொல்லவில்லை.

வருகிற மே மாதம் மூன்று நாள் கூட்டம் வைக்கிறோம். செய்தி கொடுக்க இரண்டு பேரை அழைத்து எழுதினோம். அழைப்போடு எங்கள் வழக்கங்களையும் ஒரு தாளில் டைப் செய்து வைத்தோம், நோட்டு எழுதப்படும் என்பது உட்பட. ஒருவர், ஆவியானவருக்கே நிபந்தனை போடுகிறீர்களா என்று கேட்டு வர மறுத்துவிட்டார். மற்றவர் வருகிறேன் என்று பதில் போட்டதோடு, அந்தத் தாளை இன்னும் இரண்டு காப்பி அனுப்பும்படி கேட்டிருக்கிறார். அவருடைய சபை மூப்பர்களுக்காம். அனுப்பியாயிற்று.